மாதிரிகளும் மனிதர்களும்: ஒரு கண்காட்சிச் சுவருக்கான தேர்வு

எங்கள் ஊர் நூலகத்தின் மாடிக் கூடத்தில் ஒரு சுவர் முழுவதும் வெறுமையாக இருக்கிறது. கம்பெனி ஆட்சிக் காலத்தில் ஐரோப்பியர்களுக்காக நம் ஓவியர்கள் வரைந்த படங்களின் நகல்களை இருபது படச்சட்டங்களில் அங்கே இரண்டு மாதம் மாட்டி வைப்பது என்று வாசகர் வட்டத்தில் முடிவாயிற்று. எந்தப் படங்கள் என்பதில் மட்டும் கருத்து ஒன்றுபடவில்லை. ஒவ்வொரு சாதிக்கும் ஓர் ஆணும் பெண்ணுமாக வரைந்த தஞ்சாவூர்ச் சாதி இணைப்படங்கள் வேண்டும் என்றார் ஒருவர். அபிரகம் என்னும் கனிமத் தகட்டில் வரைந்த திருச்சிராப்பள்ளிப் படங்களைப் போல நம் வட்டாரத்துக்கே உரியது வேறில்லை என்றார் இன்னொருவர். கல்கத்தாவிலும் தில்லியிலும் வரையப்பட்டவற்றைத்தான் உலகம் போற்றுகிறது, அவற்றை விட்டுவிட்டு என்ன கண்காட்சி என்று கேட்டார் மூன்றாமவர். கம்பெனி மருத்துவரும் செடி ஆராய்ச்சியாளருமான ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்கள் வரைந்த செடிப் படங்களை நான் சொன்னேன். நான்கையும் எடைபோட்டு எழுதித் தரும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்தது. என் விருப்பம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டதால், மற்ற மூன்றின் சிறப்பையும் குறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இவ்வகைப் படங்களுக்குக் கலை வரலாற்றில் நிலைத்துவிட்ட பெயர் கம்பெனி ஓவியம் என்பதாகும். ஏறத்தாழ 1770களில் தொடங்கி, புகைப்படக் கருவி பரவலான 1850, 1860கள் வரையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரிகள், மருத்துவர்கள், நீதிபதிகளின் மனைவியர், பாதிரியார்கள் ஆகியோர் பணம் கொடுத்து வரையச் செய்த படங்கள் இவை. அரசவைகளின் செல்வாக்கு சரியச் சரிய, அவற்றை நம்பி வாழ்ந்த ஓவியர் குடும்பங்கள் இந்தப் புதிய வாடிக்கையாளர்களை நாடின. அவர்கள் கொடுத்த ஐரோப்பியத் தாளில், அவர்கள் விரும்பிய நீர்வண்ண முறையில், நிழலும் திரட்சியும் காட்டி வரையக் கற்றுக்கொண்டன. வாங்கியவரின் பெயரால் அழைக்கப்படும் கலை இது. வரைந்தவர் பெயர் பெரும்பாலான படங்களில் இல்லை. கீழே வரும் ஒப்பீடு முழுவதிலும் இந்தக் குறை என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

முதலில் தஞ்சாவூர் இணைப்படங்கள். நம் பகுதிக்கு இவற்றின் மேல் உள்ள உரிமை வேறு எதற்கும் இல்லை. தஞ்சைக் கோட்டையில் ஆங்கிலப் படை தங்கத் தொடங்கியபின், அங்கிருந்த முச்சியர் எனப்பட்ட ஓவியர்களிடம் அதிகாரிகள் கேட்டு வாங்கியவை இவை. ஒரு தாளில் ஓர் ஆணும் பெண்ணும் நிற்பார்கள். காலடியில் மெல்லிய மண் கீற்று, அதில் இரண்டு மூன்று புல் கொத்துகள், பின்னால் மேலே போகப் போக நீலம் அடர்ந்துகொண்டே செல்லும் வானம். கணவன் கையில் தொழிற்கருவி இருக்கும். மனைவி இடுப்பில் குடமோ கூடையோ குழந்தையோ இருக்கும். கள் இறக்குபவர் என்றால் பாளைக் கத்தி, கள் முட்டி, கால் தளை எல்லாம் தவறாமல் இருக்கும். குயவர், நெசவாளர், நாவிதர், பார்ப்பனர், சிப்பாய் என்று வரிசை நீளும். சேலைக்கட்டின் மடிப்பு, கொண்டையின் சரிவு, காதணியின் அளவு ஆகியவற்றில் இந்த ஓவியர்கள் காட்டியிருக்கும் கவனம் வியக்க வைக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் காவிரிப் படுகையில் உழைக்கும் மக்கள் எதை உடுத்தினார்கள், எதைப் பிடித்து வேலை செய்தார்கள் என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளருக்கு இவற்றைப் போன்ற கருவூலம் அரிது.

ஆயினும் இவற்றைச் சுவர் முழுவதும் மாட்ட என் மனம் ஒப்பவில்லை. அதற்கான காரணத்தை நான் நூல்களிலிருந்து பெறவில்லை. எங்கள் வட்டத்தில் உள்ள ஓர் ஆசிரியையின் தந்தையார் மூங்கில் கூடை முடைபவர். கூடை முடையும் இணையரின் படத்தைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டியபோது ஆசிரியையின் முகம் மலர்ந்தது. மூங்கிலைப் பிளக்கும் கத்தியின் வளைவு தம் வீட்டில் இருப்பதைப் போலவே இருக்கிறது என்று திரையைத் தொட்டுக் காட்டினார். பிறகு படத்தின் அடியில் எழுதியிருந்த சாதிப் பெயரைப் படித்தார். சிறிது நேரம் பேசவில்லை. "பிள்ளைகள் படத்தைப் பார்க்கும் முன் பெயரைத்தான் படிப்பார்கள். படித்ததும் வகுப்பில் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்" என்றார். இதற்கு எங்களில் எவரிடமும் மறுமொழி இல்லை.

அந்தப் பெயரை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் வைக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. அது வரலாற்றைத் திருத்துவதாகும் என்று நினைக்கிறேன். இந்தப் படங்கள் வாங்கப்பட்டதே அந்தப் பெயருக்காகத்தான். பெயரை நீக்கினால் அவை அழகான உடைப் படங்களாகிவிடும், அவற்றைக் கேட்டு வாங்கியவரின் நோக்கம் பார்வையாளருக்குத் தெரியாமலே போகும். ஒரே உருவம், ஒரே நிற்கும் நிலை, ஒரே கருவி ஆகியவை பல தொகுப்புகளில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது, ஓவியர் முன்னால் ஒரு குயவர் வந்து நின்றார், அவரைப் பார்த்து வரைந்தார் என்று சொல்ல முடியாது. கைவசம் இருந்த அச்சைப் பார்த்துக் 'குயவர்' என்ற வகை வரையப்பட்டது. அந்த வகைப்படுத்தலே பின்னர் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக அரசு வெளியிட்ட இந்திய மக்களின் புகைப்படத் தொகுப்பிலும், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலிலும் தொடர்ந்தது.

இந்த நோக்கத்தை ஒரே சொல்லில் காட்டும் ஆல்பம் ஒன்று மதுரையில் 1837இல் உருவாயிற்று. யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு மதுரைக்கு வந்த அமெரிக்கப் பாதிரியார் டேனியல் பூர், தம் நாட்டுப் பாதிரியார் ஒருவருக்கு அதை அன்பளிப்பாகக் கொடுத்தார். இப்போது அது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'இந்தியச் சாதிகளின் எழுபத்திரண்டு மாதிரிகள்' என்று வரும். பாறைத் துண்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உலர்த்திய இலைக்கும் சொல்லும் அதே 'மாதிரி' என்ற சொல் இங்கே மனிதர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

அந்த ஆல்பம் அபிரகத்தில் வரையப்பட்டது. இனி அந்த வகைக்கு வருகிறேன். காக்காப்பொன் என்று நம் பாட்டிமார் சொல்லும் அபிரகத்தை மெல்லிய தகடுகளாக உரித்து, அதன்மேல் அடர்ந்த வண்ணங்களால் வரைவது திருச்சிராப்பள்ளியில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. பாட்னாவிலும் முர்ஷிதாபாத்திலும் இதே தொழில் நடந்தது. கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தகட்டில் சிவப்பும் பச்சையும் துலங்கும் அழகு தாளில் வருவதில்லை. விலை குறைவு, எடை குறைவு, பெட்டியில் அடுக்கிச் சீமைக்கு அனுப்புவதற்கும் எளிது என்பதால் இவற்றைத் தொகுப்புத் தொகுப்பாக வாங்கிச் சென்றார்கள். ஆனால் தகடு ஏடு ஏடாகப் பிரியும், வண்ணமும் உதிரும். ஆகவே எஞ்சியவை பலவும் சிதைந்த நிலையிலேயே இருக்கின்றன. நகலெடுப்பவருக்கு இதில் வேறொரு சிக்கலும் உண்டு. தாளில் அச்சிட்டதும் அந்த ஒளி மறைந்துவிடுகிறது. நாங்கள் சோதனைக்கு அச்சிட்டுப் பார்த்த இரண்டு படங்களும் சாதாரண நீர்வண்ணப் படங்களைப் போலவே தோன்றின. ஒளி ஊடுருவும் படலத்தில் அச்சிட்டுப் பின்னால் விளக்கு வைத்தால் ஓரளவு அந்தத் தன்மை வரும். இருபது படங்களுக்கும் அப்படிச் செய்ய எங்களிடம் பணமில்லை.

அபிரகப் படங்களில் ஒரு வகை என்னை மிகவும் பாதித்தது. ஓர் அட்டையில் முகம் மட்டும் வரைந்திருப்பார்கள். அதனோடு முகம் இருக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, உடையும் அணியும் மட்டும் வரைந்த அபிரகத் தகடுகள் பல இருக்கும். ஒவ்வொரு தகட்டையும் அட்டையின் மேல் வைத்தால், அதே முகம் ஒருமுறை போர்வீரராகும், இன்னொருமுறை துறவியாகும், மற்றொருமுறை ஏவலாளாகும். வெள்ளைக்கார வீட்டுக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாகப் பயன்பட்டிருக்கக்கூடிய இந்தப் பொருள், ஓவியர் எண்ணிச் செய்தாரோ இல்லையோ, ஒரு பெரிய உண்மையைத் தாங்கி நிற்கிறது. பிறப்போடு ஒட்டியது என்று மற்றப் படங்கள் சாதிப்பதை இந்தத் தகடு ஒரு விரலால் தூக்கி எடுத்துவிடுகிறது. எழுபத்திரண்டு மாதிரிகளுக்கு எதிரே நின்று பதில் சொல்ல இந்த ஒரு முகம் போதும்.

வடநாட்டுத் தொகுப்புகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அவற்றின் கலைத் தரத்தைப் பற்றி விவாதமே இல்லை. கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே, தாம் வளர்த்த பறவைகளையும் விலங்குகளையும் 1777 முதல் 1782 வரை பாட்னாவிலிருந்து வந்த ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவரைக் கொண்டு வரையச் செய்தார். முந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். முகலாய நுண்ணோவியப் பயிற்சி பெற்ற கைகள் பெரிய ஆங்கிலத் தாளில் ஒவ்வொரு இறகையும் தனித்தனியாகப் பிரித்துத் தீட்டியிருக்கின்றன. ஓவியர் பெயரும் அவர் பாட்னாவைச் சேர்ந்தவர் என்பதும் படத்திலேயே எழுதப்பட்டிருப்பது அக்காலத்தில் அரிதான மதிப்பு. தில்லியில் வில்லியம் ஃபிரேசர், ஜேம்ஸ் ஃபிரேசர் சகோதரர்களுக்காக 1815 முதல் 1819 வரையில் குலாம் அலி கானின் வட்டத்தைச் சேர்ந்த ஓவியர்கள் வரைந்த படங்கள் இன்னும் ஒரு படி மேலே நிற்கின்றன. ஹரியானாக் கிராமத்து மக்கள், படைவீரர்கள், ஆடல் மகளிர் ஆகியோர் தங்கள் தங்கள் பெயரோடும் தங்களுக்கே உரிய முகச் சுருக்கங்களோடும் அவற்றில் நிற்கிறார்கள். தஞ்சை இணைப்படங்களில் நான் தேடிக் கிடைக்காத தனி மனிதர் இங்கே இருக்கிறார். 1979இல் ஃபிரேசர் குடும்பத்தின் காகிதங்களுக்கிடையே கண்டெடுக்கப்பட்ட அந்தத் தொகுப்பு, அடுத்த ஆண்டே ஏலத்தில் விற்கப்பட்டுப் பல கைகளுக்குப் பிரிந்து போனது. எங்கள் சுவருக்கு இவை முழுமையாக ஒத்துவராததற்குக் காரணம் தூரந்தான். இந்த ஊரில் வளரும் ஒரு பிள்ளை தன் மண்ணோடு தொடர்புபடுத்திப் பார்க்க இவற்றில் பிடி குறைவு. ஒப்பிட்டுக் காட்ட ஒன்றிரண்டு போதும்.

இனி வைட்டின் செடிப் படங்கள். ஸ்காட்லாந்தில் பிறந்த ராபர்ட் வைட் 1819இல் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். நாகப்பட்டினத்தில் படை மருத்துவராக இருந்தபோதும் சரி, பின்னர் கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைப் பண்ணைகளை நடத்தியபோதும் சரி, செடிகளைச் சேகரிப்பதை அவர் விடவில்லை. 1853இல் அவர் நாடு திரும்பும்வரை அவருக்காக முதலில் ரங்கையாவும், 1840களின் நடுப்பகுதியிலிருந்து கோவிந்துவும் வரைந்தார்கள். தஞ்சை அரசவை ஓவியர் மரபைச் சேர்ந்தவர்களாக இவர்கள் கருதப்படுகிறார்கள். 1838 முதல் 1853 வரை சென்னையில் கல்லச்சில் வெளிவந்த வைட்டின் பெருந்தொகுப்பில் மட்டும் 2101 படங்கள் இருக்கின்றன. நீலகிரிச் செடிகளுக்கென்றே வண்ணப் படங்களோடு தனி நூலும் வந்தது. மூலப் படங்களில் நூற்றுக்கணக்கானவை எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

ஒரு படத்தை அருகில் வைத்துப் பார்த்தால்தான் இந்த ஓவியர்களின் உழைப்பு விளங்கும். தாளின் நடுவில் கிளை ஒன்று சற்றே சாய்ந்து நிற்கும். ஓர் இலை முன்புறத்தைக் காட்டும், அடுத்த இலை திரும்பி அடிப்புற நரம்புகளைக் காட்டும். மொட்டு, விரிந்த பூ, காய் ஆகியவை ஒரே கிளையில் இருக்கும்படி அமைந்திருக்கும். அடியில் அதே பூவைப் பிரித்து, மகரந்தத்தாள் தனியாக, சூலகத்தின் குறுக்குவெட்டு தனியாக, விதை தனியாக, உருப்பெருக்கி வழியே பார்த்த அளவில் வரிசைப்படுத்தியிருக்கும். கோயில் படங்களில் தெய்வத்தின் அணிகலனை மணி மணியாக எண்ணி வரைந்த மரபு இங்கே சூலகத்தின் அறைகளை எண்ணி வரைந்திருக்கிறது. பல படங்களின் இடது மூலையில், அடிக்கோட்டுக்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில் ஓவியர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை.

கோவிந்துவுக்கு இன்னொரு மதிப்பும் கிடைத்தது. ஆர்க்கிடு வகையைச் சேர்ந்த ஒரு செடிப் பேரினத்துக்கு 'கோவிந்துவியா' என்று வைட் பெயரிட்டார். பின்வந்த தாவரவியலாளர்கள் அந்தச் செடியை முன்பே அறியப்பட்ட வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டதால் அப்பெயர் இப்போது வழக்கில் இல்லை. இமயமலையின் மோனால் பறவைக்கு இம்பே சீமாட்டியின் பெயர் சூட்டப்பட்டது, அது இன்றும் நிலைத்திருக்கிறது. ஆதரித்தவரின் பெயர் நிலைத்ததையும் வரைந்தவரின் பெயர் நீங்கியதையும் அருகருகே எழுதிவைத்தால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

இந்தப் படங்களுக்கும் குறை உண்டு. கம்பெனி செடிகளைத் தேடியது அழகுக்காக மட்டுமன்று. எது விளையும், எது விற்கும், எதிலிருந்து வரி வரும் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. வைட்டின் கோயம்புத்தூர்ப் பணியே அமெரிக்கப் பருத்தியை நம் மண்ணில் விளைவிக்க முடியுமா என்று பார்ப்பதற்காக அமைந்தது. இதைக் கண்காட்சியில் சொல்லாமல் விட்டால் நாம் அரைகுறை உண்மையைச் சொன்னவர்களாவோம். அத்துடன், கல்லச்சுப் படங்கள் பெரும்பாலும் வண்ணமற்றவை. தஞ்சை இணைப்படத்தின் நீல வானத்துக்கும் மஞ்சள் சேலைக்கும் முன்னால் இவை பிள்ளைகளின் கண்ணை உடனே இழுக்கமாட்டா. இதற்கு நான் கண்ட வழி, தெருவோரத்திலும் வாய்க்கால் கரையிலும் கிடைக்கும் செடிகளின் படங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அந்தந்தச் செடியின் ஒரு கிளையை ஒவ்வொரு நாளும் தண்ணீர்க் குவளையில் படத்தின் கீழ் வைப்பதாகும். இலையைக் கையில் பிடித்துக்கொண்டு கோட்டைப் பார்க்கும் பிள்ளை, ஓவியர் பார்த்த வழியிலேயே பார்க்கத் தொடங்கும்.

இத்தனையும் எடைபோட்டபின் என் தேர்வுக்கு அடிப்படையாக நின்றது ஒரே கேள்வி: வரையும்போது ஓவியரின் எதிரில் இருந்தது எது? செடிப் படத்தில் அன்று காலை பறித்த ஒரு கிளை இருந்தது. அது வாடுவதற்குள் ஓவியர் அதன் ஒவ்வொரு நரம்பையும் பார்த்தாக வேண்டியிருந்தது. ஃபிரேசர் தொகுப்பில் பெயருள்ள ஒரு மனிதர் இருந்தார். சாதி இணைப்படத்திலோ வாங்க வந்தவரின் எதிர்பார்ப்பு மட்டுமே இருந்தது. செடிக்கும் மனிதருக்கும் மாதிரி கேட்டவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்சியின் ஆட்கள்தான். செடியிடம் அந்தச் சொல்லைச் சொன்னபோது ஓவியரின் கண் கூர்மையடைந்தது. மனிதரிடம் அதே சொல்லைச் சொன்னபோது எதிரில் நின்றிருக்கவேண்டிய மனிதர் மறைந்துபோனார். அந்தக் கைகளின் திறமை இரண்டிலும் ஒன்றே என்பதால்தான் இந்த வேறுபாடு இவ்வளவு வருத்தம் தருகிறது.

ஆகவே வாசகர் வட்டத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பங்கீடு இது. பன்னிரண்டு சட்டங்கள் ரங்கையாவுக்கும் கோவிந்துவுக்கும். மூன்று சட்டங்கள் தஞ்சை இணைப்படங்களுக்கு. அவற்றில் அடியெழுத்தை மறைக்கமாட்டோம், ஆனால் அதை யார் கேட்டு எழுதுவித்தார்கள், எதற்காக என்ற விளக்கம் அதைவிடப் பெரிய எழுத்தில் பக்கத்தில் இருக்கும். எந்த மூன்று என்பதை அந்த ஆசிரியையே முடிவு செய்வார் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அபிரகத்துக்கு மூன்று: முகம் மட்டும் உள்ள அட்டை, அதன்மேல் இரண்டு உடைத் தகடுகள், மூன்றுக்கும் பின்னால் விளக்கு. ஃபிரேசர் தொகுப்பிலிருந்து ஒன்று. இருபதாவது, 1830களில் வேலூர் எல்லப்பா தம் உருவத்தையே வரைந்துகொண்ட படம். பிறரை வரைந்து வரைந்து அனுப்பிய அந்த ஓவியர்களுள் ஒருவர் நம்மை நேரே சந்திக்கும் அரிய இடம் அது. மூலம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதே போன்ற கண்காட்சியை ஒரு பல்கலைக்கழக வரலாற்றுத் துறை நடத்துவதாக இருந்தால், இந்த எண்ணிக்கையைத் தலைகீழாக மாற்றி, இணைப்படங்களுக்கே முதலிடம் கொடுக்கச் சொல்வேன். அங்கே வருபவர்கள் அந்தப் பெயர்களைச் சான்றாக வைத்து ஆராய வருகிறவர்கள். நகல் எடுப்பவர்கள், ஓவியங்கள் பழையவை என்பதாலேயே அவற்றின் ஒளிப்படங்களை எப்படியும் பயன்படுத்தலாம் என்று எண்ணிவிடாமல், ஒவ்வொரு நிறுவனத்தின் பயன்பாட்டு விதியையும் தனித்தனியாகப் படித்துக்கொள்வது நல்லது.

எல்லப்பாவின் படம் மாடிப்படி முடியும் இடத்தில் முதலில் மாட்டப்படும். மற்றவற்றைப் பெரியவர்களின் பார்வைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தாலும், இதை மட்டும் தரையிலிருந்து மூன்றரை அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். படியேறி வரும் பிள்ளையின் கண்ணுக்கு நேராக அவர் இருக்கவேண்டும்.